ஊரில் போர்வீரர் நினைவுச்சின்னம் அமைப்பது எப்படி: பெயர்ப் பட்டியல் முதல் பராமரிப்பு வரை

ஒரு சிறிய ஊர் தன் போர்வீரர்களுக்கு நினைவுச்சின்னம் வைக்கலாம் என்று கூடிப் பேசினால், முதல் கூட்டத்திலேயே பேச்சு கல்லுக்குப் போய்விடும். தூணா, சுவரா, சிலையா? படம் வரைந்து, நன்கொடையும் வாங்கிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் பெயர் சேகரிக்கக் கிளம்புவார்கள். நாற்பது பெயர் இருக்கும் என்று நினைத்த இடத்தில் எழுபது வந்து நிற்கும். கல்லில் இடம் இருக்காது. யாரை விடுவது என்று சண்டை தொடங்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பெயர்கள் முதலில் வரும், கல் மிகவும் பின்னால் வரும். கல்லின் அளவு, எடை, அதற்கு வேண்டிய இடம், ஆகும் செலவு எல்லாவற்றையும் தீர்மானிப்பது பெயர்களின் எண்ணிக்கைதான். பெயர் சரியாக இருந்தால் சாதாரணக் கல்கூடப் போதும். பெயர் தவறாக இருந்தால் எவ்வளவு அழகான கல்லும் அந்தக் குடும்பத்துக்குப் பயன்படாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து பேருக்கு மிகாத ஒரு சிறு குழு வேண்டும். அதில் ஒருவராவது படையில் இருந்தவராக இருக்கட்டும், ஆவணங்களில் உள்ள சுருக்கெழுத்துகளைப் படிக்க அவர் தேவைப்படுவார். இன்னொருவர் ஊரின் பழைய குடும்பங்களை அறிந்தவராக இருக்க வேண்டும். ஒரு தடித்த பதிவேடும், அதன் நகலாகக் கணினியில் ஒரு அட்டவணையும் வேண்டும். நிலம் யாருடையது என்பதற்கான ஆவணமும், உள்ளாட்சி அமைப்பின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும்.

கடைசி இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். பொது இடம்தானே என்று நினைத்த இடம் சாலை விரிவாக்கத்துக்கு ஒதுக்கப்பட்டதாக இருக்கலாம், வேறொரு துறையின் கையில் இருக்கலாம். வாய்வார்த்தையாகச் சம்மதம் சொன்ன அதிகாரி மாறிப்போனால் வேலை அப்படியே நின்றுவிடும்.

## 1. யாருக்காக என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'நம் ஊர் வீரர்களுக்காக' என்பது போதாது. இறந்தவர்களுக்கு மட்டுமா, பணியாற்றிய எல்லோருக்குமா? எந்தப் போர்கள்? ஊர்க்காரர் என்றால் இங்கே பிறந்தவரா, இங்கிருந்து படையில் சேர்ந்தவரா, ஓய்வுக்குப் பிறகு இங்கே குடிவந்தவரா?

பெரிய நினைவுச்சின்னங்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. வாஷிங்டனில் 1982ல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச்சுவரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் மட்டுமே இருக்கிறார்கள். அதுவே 58,000 பெயர்களைத் தாண்டுகிறது. பெல்ஜியத்தின் மெனின் வாயிலில் கல்லறை கண்டறியப்படாதவர்களின் பெயர்கள் மட்டும், அதுவும் 54,000க்கு மேல். லண்டனில் செனடாஃப் என்ற போர் நினைவுத்தூணில் ஒரு பெயரும் இல்லை. மூன்றும் மூன்று விதமான முடிவுகள். உங்கள் ஊரும் ஒன்றை எடுத்தாக வேண்டும்.

கடினமான கேள்விகளை இப்போதே கேட்டுவிடுங்கள். நோயில் இறந்தவர் உண்டா? பயிற்சியில் விபத்தில் போனவர்? போர்க்கைதியாக இறந்தவர்? தற்கொலை செய்துகொண்டவர்? சமையல்காரர், ஓட்டுநர், செவிலியர், படையோடு கூலியாளாகச் சுமை தூக்கப் போனவர்? ஒரு குறிப்பிட்ட பெயர் மேசைக்கு வந்த பிறகு இதைப் பேசினால், விதியைப் பற்றிய பேச்சு அந்தக் குடும்பத்தைப் பற்றிய பேச்சாக மாறிவிடும்.

இரண்டு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் வீரர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் முதல் உலகப் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் கணக்கில் எடுக்கிறது. அந்தக் காலத்துக்குள் படைப்பணியில் இருந்தபடி இறந்தவர் எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் அவர் பெயர் சேரும். நோய், விபத்து என்று பிரிப்பதில்லை. என் பரிந்துரையும் அதுவே. மருத்துவமனையில் காய்ச்சலில் இறந்தவரின் வீட்டுக்கும் அதே தந்திதான் வந்தது.

ஒன்றை நினைவில் வையுங்கள். முதல் உலகப் போரில் கோழைத்தனம், படையைவிட்டு ஓடுதல் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்களில் சிலரின் பெயரை அவர்கள் ஊர் நினைவுச்சின்னங்களில் சேர்க்கவில்லை. 2006ல் பிரிட்டன் 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. அதற்கப்புறம் சில ஊர்கள் தேடிப் பெயர் சேர்த்தன. யாரை விலக்குகிறோம் என்பதில் அவசரம் வேண்டாம்.

## 2. பெயர்களைத் திரட்டுங்கள்

மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். இதற்கு நேரம் ஒதுக்காமல் திறப்பு விழா தேதியை முதலில் குறித்துவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முழுப்பெயர், தந்தை அல்லது தாய் பெயர், ஊருடன் தொடர்பு, படை எண், படைப்பிரிவு, பணிக்காலம், இறந்த தேதி, இறந்த இடம், ஆதாரம் என்று பிரித்து எழுதுங்கள். 'ஆதாரம்' என்ற கட்டம் காலியாக இருக்கும் பெயர் கல்லுக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரங்கள் இருப்பது நல்லது. வீட்டார் சொன்னது ஒன்று, தாளில் இருப்பது இன்னொன்று.

வீட்டாரிடம் 'உங்கள் வீட்டில் யார் போரில் இறந்தார்கள்?' என்று நேரடியாகக் கேட்டால் பதில் சுருக்கமாக வரும். பழைய புகைப்படம், கடிதம், படையிலிருந்து விடுவித்த சான்றிதழ், ஓய்வூதியத் தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பொருள் கைக்கு வந்ததும் பேச்சு தானாக வரும். பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு வழங்கிய போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். முகப்பை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருபவர்கள் பலர்.

அடுத்து ஆவணங்கள். காமன்வெல்த் ஆணையத்தின் இணையத் தரவுதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரைக் கட்டணமில்லாமல் தேடலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, வழிபாட்டிடங்களில் உள்ள பழைய பலகைகள், அக்காலச் செய்தித்தாள்கள், கல்லறைகள் எல்லாவற்றையும் பாருங்கள்.

தரவுதளத்தில் பெயர் இல்லை என்பதற்காக ஒருவரை நீக்கிவிடாதீர்கள். அந்த ஆணையமே 2021ல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், எகிப்தியர் உட்படக் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, சிலர் நினைவுகூரப்படவே இல்லாமலும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. இந்தியர் உட்பட 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதாகவும் அது கணக்கிட்டது. ஆவணங்கள் அழிந்தும் போயிருக்கின்றன. 1940ல் லண்டனில் குண்டு விழுந்து முதல் உலகப் போர் வீரர்களின் பணிக்கோப்புகளில் பெரும்பகுதி எரிந்தது. 1973ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்த தீவிபத்தில் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் போயின. இப்படிப்பட்ட இடங்களில் வீட்டிலிருக்கும் ஒரு கடிதம்தான் மிஞ்சிய ஒரே சாட்சியாக இருக்கும்.

எழுத்துக்கூட்டல் தனித் தலைவலி. ஆள்சேர்ப்பு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது ஒன்று, குடும்பம் எழுதுவது வேறொன்று. பொய்ப்பெயரில் சேர்ந்தவர்களும் உண்டு. கல்லில் குடும்பம் எழுதும் வடிவத்தைப் போடுங்கள். ஆவண வடிவங்களை எல்லாம் பதிவேட்டில் குறித்து வையுங்கள். பின்னால் தேடி வருபவருக்கு இரண்டும் வேண்டும்.

## 3. பட்டியலை ஊர் முன் வையுங்கள்

பட்டியல் முடிந்தது என்று குழு நினைக்கும்போது அதை எல்லோரும் படிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். குறைந்தது இரண்டு மாதம் இருக்கட்டும். திருத்தங்களை எழுத்தில் மட்டும் வாங்குங்கள், கடைசித் தேதியையும் சொல்லிவிடுங்கள்.

இதன் பலன் உடனே தெரியும். விட்டுப்போன பெயர்கள் இந்தக் கட்டத்தில்தான் வரும். ஊரைவிட்டுப் போன குடும்பங்களுக்கு யாராவது படம் எடுத்து அனுப்புவார்கள், அங்கிருந்து பதில் வரும்.

உயிரோடு இருப்பவர்களின் பெயரைச் சேர்ப்பதாக இருந்தால் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். சிலருக்கு விருப்பம் இருக்காது. காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

## 4. பெயர்களை எந்த வரிசையில் போடுவது

பதவிப்படி, இறந்த தேதிப்படி, போர்வாரியாக, அகரவரிசையில் என்று நான்கு வழிகள். பதவி வரிசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். காமன்வெல்த் கல்லறைகளில் தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல் வைப்பது என்பது 1918லேயே ஏற்கப்பட்ட கொள்கை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சிறிய ஊரில் அது இன்னும் முக்கியம்.

தேதி வரிசை அழகானது. வியட்நாம் சுவர் அப்படித்தான், ஒன்றாக வீழ்ந்தவர்கள் அருகருகே இருக்கிறார்கள். ஆனால் ஒரு பெயரைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு குறிப்பேடு வேண்டும். சிறிய ஊருக்குப் போர்வாரியாகப் பிரித்து, உள்ளே அகரவரிசை வைப்பதே வசதி. முன்னெழுத்தை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், பெயரின் முதல் எழுத்தை எடுங்கள். தேடி வருபவர் தாத்தாவின் பெயரைத்தான் தேடுவார்.

காணாமல் போனவர்களைக் காட்ட ஒரு சிறு குறி போதும். அதே வியட்நாம் சுவரில் இறப்பு உறுதியானவருக்கு வைரக்கட்டம், காணாமல் போனவருக்குச் சிலுவைக்குறி. பிறகு இறப்பு உறுதியானால் சிலுவையின் மேலேயே வைரக்கட்டத்தைப் பொறித்துவிடுவார்கள். கல்லை மாற்றாமல் தகவலை மாற்ற வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் குறியும் அப்படி இருக்கட்டும்.

புதிய பெயர்களுக்குக் காலி இடம் விடுங்கள். எவ்வளவு கவனமாகத் தேடினாலும் திறப்பு விழா முடிந்த பிறகு யாராவது ஒருவர் தாளோடு வருவார்.

## 5. முகப்பு வாசகம்

சுருக்கமாக இருக்கட்டும். பிழை வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, 'போர்க்களத்தில் வீழ்ந்த' என்று எழுதிவிட்டு மருத்துவமனையிலும் கைதிமுகாமிலும் இறந்தவர்களைக் கீழே போடுவது. இரண்டு, ஆண்டு. முதல் உலகப் போருக்கு 1914–1918 என்றும் 1914–1919 என்றும் இரண்டு விதமாக ஊர்கள் பொறித்திருக்கின்றன. சண்டை ஓய்ந்தது 1918ல், வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919ல். உங்கள் பட்டியலில் கடைசியாக இறந்தவரின் தேதியைப் பார்த்துவிட்டு ஆண்டை முடிவு செய்யுங்கள்.

நன்கொடையாளர் பெயர்களும் திறந்து வைத்தவர் பெயரும் இந்தக் கல்லில் வேண்டாம். தள்ளி ஒரு சிறு பலகையில் வைக்கலாம்.

## 6. அளவைக் கணக்கிடுங்கள்

இப்போதுதான் கல்லைப் பற்றிப் பேச முடியும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று படிக்க எழுத்து உயரம் சுமார் 25 மில்லிமீட்டர் வேண்டும். தமிழில் கி, கீ போன்றவற்றின் விலங்கு மேலே ஏறும், கு, கூ போன்றவை கீழே இறங்கும். ஆகவே வரிக்கு வரி 40 மில்லிமீட்டராவது விடுங்கள். ஆங்கில எழுத்துக்குப் போட்ட இடைவெளியை அப்படியே எடுத்தால் மேல்வரியின் கீழ்க்கொக்கியும் கீழ்வரியின் மேல்விலங்கும் முட்டிக்கொள்ளும்.

அறுபது பெயர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வரிசையில் போட்டால் 2.4 மீட்டர் உயரம். மேலே இருப்பதைப் படிக்க முடியாது. இரண்டு பத்தியாகப் பிரித்தால் 1.2 மீட்டர். தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில் தொடங்கி 1.8 மீட்டரில் முடியும். நிற்பவரும் படிக்கலாம், சக்கர நாற்காலியில் வருபவரும் பெரும்பகுதியைப் படிக்கலாம்.

தலைப்புக்கும் ஓரத்துக்கும் சேர்த்து 1.5 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் தடிமன் என்றால் கிரானைட் பலகையின் எடை ஏறத்தாழ அரை டன். ஒரு கனமீட்டர் கிரானைட் சுமார் 2.7 டன். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் அஸ்திவாரம் எவ்வளவு, கிரேன் வந்து நிற்க வழி இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும்.

## 7. இடம்

காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் பக்கத்துக்குப் பெயர்கள் திரும்பியிருக்க வேண்டும். செதுக்கிய எழுத்து நிழலால்தான் தெரிகிறது. நேர் வெயிலில் தட்டையாகிவிடும், வெயிலே படாத பக்கத்தில் மங்கிப் பாசி பிடிக்கும். இடத்தில் ஒரு நாள் முழுக்க வெவ்வேறு நேரங்களில் நின்று பாருங்கள்.

பெரிய மரத்தின் அடியில் வைக்காதீர்கள். வேர் அஸ்திவாரத்தைத் தூக்கும், சொட்டும் பிசினும் பறவை எச்சமும் கல்லில் கறை படுத்தும். மழைநீர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். முன்னால் ஆட்கள் கூடி நிற்க இடம், மலர்வளையம் வைக்க ஒரு படி, சாய்வுப்பாதை மூன்றும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். சாய்வுப்பாதை 12 அடி நீளத்துக்கு ஓரடி ஏற்றத்தை மிஞ்சக் கூடாது. பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் அதற்கு இடம் இருக்காது. முன்னாள் வீரர்களிலேயே பலருக்குப் படியேற முடியாது.

## 8. பொருள்

திறந்தவெளிக்குக் கிரானைட் பாதுகாப்பானது. மெருகேற்றிய கருங்கல்லில் செதுக்கினால் எழுத்து வெளிர்நிறமாகத் தெரியும், வண்ணம் தேவையில்லை. எழுத்துக்குள் வண்ணம் அடித்தால் சில ஆண்டுகளில் உரியும், மறுபடி அடிக்க ஆள் தேட வேண்டும். பளிங்கு வெள்ளையாக அழகாக இருக்கும், ஆனால் அமில மழையில் கரையும், எழுத்தின் கூர்மை போய்விடும். மணற்கல் ஏடு ஏடாக உரியக் கூடியது. வெண்கலப் பலகை நெடுநாள் நிற்கும், உலோக விலைக்காகத் திருடப்படும் ஆபத்து உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. டெல்லியில் 2019ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி கிரானைட் பலகை. இதில் ஒரு பெயர் தவறானால் ஒரு பலகையை மட்டும் மாற்றலாம், புதிய பெயரையும் சேர்க்கலாம். இணைப்புகள் அதிகம் என்பதால் நீர் புகாமல் அடைக்கும் வேலையும் அதிகம். பட்டியல் இன்னும் வளரும் என்று தெரிந்த ஊருக்கு இது பொருத்தம்.

## 9. பணமும் ஒப்பந்தமும்

இரண்டு கணக்கு வையுங்கள், ஒன்று கட்டுவதற்கு, ஒன்று பராமரிப்புக்கு. கட்டி முடித்த பிறகு பராமரிப்புக்கு யாரும் பணம் தர மாட்டார்கள், அதனால் நன்கொடை கேட்கும்போதே சேர்த்துக் கேளுங்கள். கல்தச்சருடன் செய்யும் ஒப்பந்தத்தில் கல்லின் வகை, மாதிரித்துண்டு, எழுத்தின் ஆழம், பிழை வந்தால் யார் செலவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு கொடுங்கள்.

## 10. பொறிக்கும் முன் சரிபார்த்தல்

இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் முன்னால் செய்த எல்லாம் வீண். கல்லில் விழுந்த பிழையை அழிக்க முடியாது. முகப்பு முழுவதையும் சீவி மறுபடி பொறிக்க வேண்டும், இல்லாவிட்டால் பூசி மறைக்க வேண்டும். பூசியது எப்போதும் தெரியும்.

பட்டியலைக் கையெழுத்தில் கொடுக்காதீர்கள், தட்டச்சு செய்து கொடுங்கள். அதிலும் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொ, கோ, கௌ பிரியும், ஸ்ரீ சிதையும், புள்ளிகள் விழுந்துவிடும். சில வரைகலை மென்பொருள்களில் யூனிகோட் தமிழே உடைந்து தெரியும். ஆகவே நீங்கள் அனுப்பிய கோப்பைச் சரிபார்ப்பது போதாது. கல்லுக்குப் போகப்போகும் அவர்களுடைய இறுதிக் கோப்பை நிஜ அளவில் தாளில் அச்சிட்டு வாங்குங்கள்.

ஒருவர் பதிவேட்டை எழுத்தெழுத்தாகப் படிக்க, இன்னொருவர் அச்சில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஆள் மாறி, கடைசிப் பெயரிலிருந்து மேல்நோக்கி மறுபடி பாருங்கள். பழகிய வரிசையில் படித்தால் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். முன்னெழுத்தின் புள்ளி, ந-ன, ர-ற, ல-ழ-ள ஆகியவற்றைத் தனியாக ஒருமுறை பாருங்கள். இவை எதையும் குழுவில் இல்லாத ஒருவர் செய்தால் இன்னும் நல்லது.

முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்திடமும் அவர்கள் பெயர் வரும் வரியைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கப்புறம் கோப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு பெயரைத் திருத்தப் போய்ப் பக்கத்து வரி நகர்ந்துவிடும்.

## 11. நிறுத்துதல்

மண் பரிசோதனை செய்து, மேல்மண்ணை நீக்கி உறுதியான மண் வரை தோண்டுங்கள். காங்கிரீட் கணக்கிட்ட வலிமையை அடைய 28 நாள் ஆகும். விழாவுக்காக முன்னதாகக் கல்லை ஏற்றினால் பின்னால் சாயலாம்.

கல்லைப் பிணைக்கும் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பு துருப்பிடிக்கும்போது பருத்துக் கல்லை உள்ளிருந்து பிளக்கும். பழைய நினைவுச்சின்னங்களில் மூலைகள் உடைந்திருப்பதற்கு இது பெரிய காரணம். கம்பி கல்லுக்குள் மறைந்துவிடும் என்பதால் பொருத்தும் நாளில் குழுவில் ஒருவர் கட்டாயம் அங்கே நின்று பார்க்க வேண்டும். கல்லின் மேல்விளிம்பு சற்றுச் சரிவாக இருந்தால் தண்ணீர் தங்காது.

## 12. திறப்பு நாள்

முன்வரிசை குடும்பங்களுக்கு. எல்லாப் பெயர்களையும் உரக்கப் படியுங்கள், படிப்பவர் முன்னதாகக் குடும்பத்தாரிடம் உச்சரிப்பைக் கேட்டுப் பழகிக்கொள்ளட்டும். உரைகள் குறைவாக இருந்தால் இதற்கு நேரம் கிடைக்கும்.

## 13. திறந்த பிறகு

ஆண்டுக்கு ஒருமுறை, நினைவு நாளுக்கு ஒரு மாதம் முன்பு, இணைப்புகள், சாய்வு, எழுத்து, வடிகால் நான்கையும் பாருங்கள். பழுது இருந்தால் சரிசெய்ய அந்த ஒரு மாதம் வேண்டும்.

கழுவ வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, அமிலம், பிளீச்சிங் பவுடர், அழுத்த நீர்க்குழாய் எதுவும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு சுத்தம் செய்ய வரும் தன்னார்வலர்கள்தான் பெரும்பாலும் கல்லைக் கெடுக்கிறார்கள். இந்த விதியை எழுதி உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

பதிவேட்டின் நகல்களை நூலகத்திலும் பள்ளியிலும் வையுங்கள், ஒன்று குழுவுக்கு வெளியே இருக்கட்டும். புதிய பெயர் வந்தால் 1ஆம் படியில் எழுதிய வாக்கியத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டு ஆதாரம், ஊர் முன் அறிவிப்பு, நிஜ அளவு அச்சு, குடும்பத்தின் கையெழுத்து என்று அதே வழியில் வரட்டும். ஒவ்வொரு பெயருக்கும் தனியாகக் கல்தச்சரைக் கூப்பிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்த பெயர்களை ஒன்றாகப் பொறிக்கலாம். முதலில் பயன்படுத்திய எழுத்துருக் கோப்பையும் எழுத்தின் ஆழ அளவையும் பதிவேட்டோடு சேர்த்து வைத்திருந்தால் புதிய பெயரும் பழைய பெயர்களைப் போலவே அமையும்.